குண்டு ஐயாவும் குதித்த தக்காளியும்

"அம்மா, இன்னும் கொஞ்சம் போடு."

நான்தான் கேட்டேன். தட்டை நீட்டி, வாய் கூசாமல். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பா மெல்லுவதை நிறுத்தினார். தங்கை மட்டும் சந்தடி சாக்கில் தன் தட்டையும் ஒரு விரல்கடை முன்னால் தள்ளினாள்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? சாப்பாட்டோட உயிர் போயிடும்டி!" என்றாள் அம்மா.

'இன்னும்' கெட்ட வார்த்தையாகி ஐந்து வாரம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஊரிலேயே பாதிப் பேருக்கு. "வேலை முடிஞ்சுதா?" என்று மேஸ்திரி கேட்டால், பெயிண்டரான என் அப்பாவால் "இன்னும் இல்லை" என்று சொல்ல முடியவில்லை. "முடியுது... முடிஞ்சுக்கிட்டே இருக்கு..." என்று சுவரைத் தடவிக்கொண்டு நின்றாராம்.

எல்லாம் குண்டு ஐயாவின் உபயம்.

சனி, ஞாயிறுகளில் சந்தைக்குப் பின்னால் வாடகைக் கொட்டகையில் அவர் தரிசனம். விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். எல்லார் கையிலும் காய்கறிப் பை, எல்லார் முகத்திலும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பயம். ஐயா நூலில் கட்டிய ஒரு செம்புக் குண்டைப் பையின்மேல் பிடிப்பார். குண்டு வட்டமாகச் சுற்றினால் உள்ளே இருப்பது உயிருள்ள உணவு. நேராக ஆடினால் பிணம். சந்தையில் வாங்கியது அத்தனையும், என்ன ஆச்சரியம், பிணம்! அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பக்கத்து மேசையில் அவருடைய மஞ்சள் பையை வாங்க வேண்டும். உள்ளே மூன்று கேரட், இரண்டு தக்காளி, ஒரு கைப்பிடி பயறு. அந்த விலைக்கு முன்பெல்லாம் நாங்கள் நாலு பேரும் ஒரு வாரம் பருப்பும் முட்டையும் கீரையும் சாப்பிட்டோம்.

"உயிருள்ள ஒரு கேரட், செத்த பத்து கேரட்டுக்குச் சமம்" என்பது ஐயாவின் அருள்வாக்கு. ஒருமுறை பரிமாறினால் போதும். 'இன்னும்' என்று கேட்டால் உயிர் ஓடிவிடும்.

குண்டு ஐயா என்பது அந்தச் செம்புக் குண்டால் வந்த பெயர். ஊரே இளைத்துக்கொண்டிருந்தபோது, பெயருக்குப் பொருத்தமாக அவர் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் யாருக்கும் கண் இல்லை.

அந்த வாரம்தான் தங்கை பள்ளி மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாள். டீச்சர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். நீட்டிய தட்டோடு அம்மாவுக்கு அதை நினைவுபடுத்தினேன்.

"உடம்புல உள்ள கெட்டது வெளியே போகுதாம். ஐயா சொன்னார்" என்றாள் அம்மா.

"வெளியே போறதுக்கு உள்ளே ஏதாவது இருக்கணுமேம்மா!"

"நாலு எழுத்து படிச்ச திமிர்" என்றார் அப்பா. எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அதனால் என் தும்மல்கூடத் திமிர்தான்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்கு என்னடி தெரியும்? இருக்கிறதை வச்சு நாலு வயித்தை நிரப்பிப் பாரு. கொஞ்சமாப் போட்டாலும் போதும்னு என்கிட்ட சொன்ன முதல் ஆள் அவருடி."

வந்த கோபம் முழுக்க அந்த ஆள் பக்கம் திரும்பியது. வறுமையையே வரம் என்று பையில் போட்டு விற்கிறான், பாவி!

வேதியியல் படித்துவிட்டு நான் சாப்பாட்டு மேசை விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். மேசைகளின்மேல் அழகுக்குப் பிளாஸ்டிக் பழங்கள் வைத்திருப்போம். முதலாளியிடம் கேட்டு ஒரு தக்காளி, இரண்டு கேரட், ஓர் ஆப்பிள் இரவல் வாங்கினேன்.

சனிக்கிழமை அம்மா ஒரு மஞ்சள் பை வாங்கிவந்தாள். ஞாயிறு காலை அதில் இருந்ததை எங்கள் பழைய துணிப்பைக்கு மாற்றினேன். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக்கைப் போட்டேன். இரண்டின் வாயையும் கட்டினேன். "ஐயாகிட்ட மன்னிப்பு கேட்கணும்" என்றதும் குடும்பமே சந்தோஷமாகக் கிளம்பியது.

முதலில் துணிப்பையை நீட்டினேன். குண்டு நேராக ஆடியது.

"ஐயோ! மூணு நாள் பிணம்! நாத்தம் தாங்கல!" ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டார். வரிசையில் நின்றவர்களும் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்து மஞ்சள் பை. குண்டு கிறுகிறுவென்று சுற்றியது.

"பார்த்தீங்களா? உயிர் துள்ளுது! இதைச் சாப்பிட்டா நூறு வயசு!"

"ஐயா வாக்கு பலிக்கட்டும்" என்று பையை அவிழ்த்துக் கவிழ்த்தேன்.

உயிர் உண்மையிலேயே துள்ளியது. தக்காளி தரையில் பட்டு, டொக் டொக்கென்று மூன்று முறை குதித்து, உருண்டுபோய் அவர் காலடியில் நின்றது. தங்கை அதை எடுத்துக் கடித்துக் காட்டினாள். "பிளாஸ்டிக்!"

அம்மா துணிப்பையைப் பிரித்தாள். நேற்றுத் தன் கையாலேயே கழுவி வைத்த கோணல் கேரட்டை எடுத்துப் பார்த்தாள். "இது நீங்க நேத்து வித்தது. இதையா பிணம்னு சொன்னீங்க?"

ஐயா தொண்டையைச் செருமினார். "மகளே, என் கைபட்ட அந்தப் பைக்கே உயிர் உண்டு..."

"அப்போ பையைத் தின்னுங்க!" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். "ஆஹா! பிளாஸ்டிக்குக்கே உயிர் கொடுத்துட்டாரே!" அவரோடு சேர்ந்து இன்னும் சிலர் தட்டினார்கள். மற்றவர்கள் தொட்டியில் தங்கள் முட்டைக்கோசைத் தேடப் பாய்ந்தார்கள். ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசலைத் தேடினார். நாலைந்து பேர் அவரைத் துரத்தினார்கள்.

நான் மேசைமேல் ஏறி நின்றேன்.

"அவரை ஏன் துரத்துறீங்க? பையோட நிறத்தைப் பார்த்து அவர் விரல் ஆடுச்சு. விரல் ஆடினதால குண்டு ஆடுச்சு. அஞ்சு வாரமா ஆடாம அசையாம கிடந்தது உங்க மூளை ஒண்ணுதான்!"

இறங்கித் தங்கையின் கையைப் பிடித்தேன்.

"எங்கடி போற?" என்று அப்பா கத்தினார்.

"சந்தைக்கு. பருப்பும் முட்டையும் வாங்கணும். இனிமே என் சம்பளம் வீட்டுக்குப் பணமா வராது, சாப்பாடா வரும். சமைக்கிறதும் நான்தான்."

இதை நான் அங்கே முடிவு செய்யவில்லை. தங்கை மைதானத்தில் விழுந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். கைதட்டிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.