பெர்மிட் அண்ணன் போட்ட அட்டைப்படம்

ஒரு சேவலைப் படம் வரைவதற்காக, அந்தச் சேவலின் முதலாளியிடம் போய் அனுமதி கேட்ட ஆளை நீங்கள் பார்த்ததுண்டா?

நான் பார்த்திருக்கிறேன். ஈப்போ பழைய டவுனில், ஒரு மாடியறையில் உட்கார்ந்து கடைப்பலகை எழுதுகிறார். பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொரு பிறவி கிடைக்காது. எமனே வந்து "என் எருமையை வரை" என்றாலும், "எருமை ஒன்னோடதுதான்னு கிராண்ட் இருக்கா? காட்டு" என்று கேட்கிற மனுஷன். ஊரில் அவருக்குப் பெயர் பெர்மிட் அண்ணன்.

ஒரு காலத்தில் எல்லாரையும் போல அவரும் காப்பி அடித்தவர்தான். ஒரு தையல்கடைப் பலகைக்கு, எவனோ அச்சடித்த காலண்டரிலிருந்து கோட்டுப் போட்ட ஆசாமியை அப்படியே இறக்கி வைத்தார். அந்தக் காலண்டரைப் போட்ட கம்பெனிக்காரன், ஊரில் இத்தனை தையல்கடை இருக்க, அந்தக் கடைக்கே சிலுவார், அதாவது கால்சட்டை, தைக்க வந்தான். சந்தைக்கூட்டம் வேடிக்கை பார்க்க, அண்ணன் ஏணி போட்டு ஏறி, தான் வரைந்ததைத் தானே சுரண்டினார்.

"இன்னொருத்தன் பெத்த புள்ளைக்கு நான் இனிஷியல் போட்டுட்டேன் தம்பி. இனிமே கேக்காம ஒரு கோடு கூட கிழிக்க மாட்டேன்லா" என்பார்.

அதற்குப் பிறகுதான் சேவல் விவகாரம். சாப்பாட்டுக்கடை பாய் பலகையில் ஒரு சேவல் கேட்டார். அண்ணன் பக்கத்துக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய், அவர் வளர்க்கிற சேவலை வரையலாமா என்று கேட்டார். தவுக்கே சிரித்துக்கொண்டே "பொலே, பொலே" என்று சம்மதம் கொடுத்தார். பலகை முடிந்து காய்வதற்குள் சீனப் பெருநாள் வந்தது. சேவல் சட்டிக்குள் போனது. மறுநாளே அண்ணன் பெயிண்ட் டின்னோடு வந்து படத்தில் இருந்த சேவலை அழித்துவிட்டார்.

"என்னாய்யா இது! கோழி செத்தா படத்துக்கு என்னா?" என்று பாய் குதித்தார்.

"தவுக்கே குடுத்தது உசிரோட இருக்குற கோழிக்கு பாய். செத்த கோழிக்கு நான் கேக்கல."

அந்தச் சேவல் கொத்திக்கொண்டிருந்த நெல்மணிகள் மட்டும் இன்றும் பலகையில் கிடக்கின்றன.

மலை கதை இதைவிட மோசம். ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகளில் ஒன்றை வரைய வேண்டும் என்று நில அலுவலகத்துக்கே போய்விட்டார். கவுண்டரில் இருந்தவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்து, "அம்பில்லா, அம்பில்" என்று கையை வீசினார். எடுத்துக்கோ, ஆளை விடு என்று அர்த்தம். அண்ணனுக்கு அரசாங்கமே மலையை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து முடிவெட்டும் கடைப் பலகையிலும் மலை, பேட்டரிக் கடைப் பலகையிலும் மலை. கோயில் திருவிழாத் துணியில் அம்மனின் சூலம் பாதி தெரியாது. காரணம், மலை.

இப்பேர்ப்பட்ட ஆளிடம்தான் என் முதல் புத்தகம் போய் மாட்டியது.

யூனிவர்சிட்டி முடித்த சூட்டோடு ரப்பர் தோட்டத்து மக்களைப் பற்றிச் சிறுகதைகள் எழுதி வைத்திருந்தேன். தலைப்பிலேயே இரண்டு தடவை 'கண்ணீர்' வரும், பார்த்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு விழாவுக்குக் கோயில் மண்டபம் பிடித்தாயிற்று. ஒய்.பி., அதாவது எங்கள் சட்டமன்ற உறுப்பினர், தலைமை தாங்க ஒப்புக்கொண்டாயிற்று. உள்பக்கங்கள் அச்சாகி அடுக்கிக் கிடந்தன. அட்டை ஒன்றுதான் பாக்கி. அது வராவிட்டால் மேடையில் ஒய்.பி. கையில் வெறும் காகிதக் கட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

அட்டைக்கு நான் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு படத்தைக் கிழித்து வைத்திருந்தேன். எந்த நாட்டுப் பெண்ணோ தெரியாது. நன்றாக அழுதாள், எனக்கு அது போதும். அச்சகக்காரர் படத்தைத் தொடவே இல்லை.

"போன தடவ இப்படித்தான் ஒருத்தன் கொண்டாந்தான். படத்துக்காரன் நோட்டீஸ் விட்டு, அட்டைய கிழிச்சுட்டு வித்தோம்லா. பெர்மிட்டுகிட்ட போ தம்பி. லேட்டாவும். ஆனா வம்பு வராது."

அண்ணனிடம் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு பெண் அழ வேண்டும் என்றேன்.

"யாரு பொண்ணு?"

"யாருமில்லண்ணே. சும்மா ஒரு பொண்ணு."

"சும்மா ஒரு பொண்ணுன்னு ஒலகத்துல யாரும் கெடையாது தம்பி. ஏறு."

தன் கப்சாய் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்து வாசலில் அஞ்சலை அக்கா, பால் நிறுத்துப் போட்டுவிட்டு வந்த களைப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒங்க மொகத்த இந்தத் தம்பி புக்குல போடலாமா?"

"நான் என்னா தப்பு செஞ்சேன்?"

"தப்பு இல்லக்கா. கதை புக்கு."

"கதையில நான் என்னா செய்றேன்?"

"அழுவுறீங்க அக்கா" என்றேன் நான்.

"எதுக்கு?"

"வறுமை அக்கா."

"யாருக்கு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மலையைப் பார்த்தார்.

அக்கா எழுந்து நின்று நிபந்தனை போட ஆரம்பித்தார். பால் கறை பட்ட சட்டையில் வரையக் கூடாது. "வெளிய தெருவ போனா நான் அப்பிடியா போறேன்?" கல்யாணப் பட்டுச்சேலைதான் வேண்டும். கையில் கடிகாரம் வேண்டும். அழக் கூடாது. புருஷனைப் பக்கத்தில் போடவே கூடாது. ஆனால் இன்னொரு கையில் கத்தி கட்டாயம். "நான் வெட்டுற மாதிரி இந்த டிவிஷன்லயே எவளும் வெட்ட மாட்டா. எழுதிக்க."

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்து, மரத்துக்கு அனுமதி கேட்கத் தோட்ட ஆபீசுக்குப் போனார். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, கணக்கெழுதுவதை நிறுத்தினார்.

"பால்மரத்த படம் போட பெர்மிட்டா? தொரை லீவுல இருக்காரு. நான் குடுக்க முடியாதுலா. போயிட்டு அடுத்த மாசம் வா."

விழாவோ வருகிற ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை படம் கையில் வந்தது. பட்டுச்சேலை, கைக்கடிகாரம், நெஞ்சை நிமிர்த்தி நேராக முறைக்கிற முகம், ஓங்கிய கையில் கத்தி. பின்னால் சுண்ணாம்பு மலை. ஒரு மரம் கூட இல்லை. பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? கல்யாண வீட்டில் தகராறாகி, மாப்பிள்ளையின் அம்மாவைக் குத்தக் கிளம்பிவிட்டாள் என்றுதானே?

"அண்ணே, மரம் எங்கண்ணே!"

"கிராணி குடுக்கல."

"மனசுலேர்ந்து ஒரு மரம் போட வேண்டியதுதானே!"

"மனசுல இருக்குறதும் அந்தத் தோட்டத்து மரந்தான் தம்பி. நான் அங்கதான் பொறந்தேன்."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

மேடையில் ஒய்.பி. அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மைக் இருப்பதை மறந்து கேட்டார்: "துப்பறியும் நாவலா தம்பி?"

மண்டபம் அதிரச் சிரித்தது. நான் சாகலாம் என்று நினைத்த நேரத்தில் வெளியே லாரி வந்து நின்றது. லயமே இறங்கியது. முன்னால் அஞ்சலை அக்கா. அதே சேலை, அதே கடிகாரம். கூட்டம் அட்டையைப் பார்க்கிறது, அக்காவைப் பார்க்கிறது, மறுபடி அட்டையைப் பார்க்கிறது. அவ்வளவுதான், மேசையில் இருந்த புத்தகம் எல்லாம் பறந்துவிட்டது. என் பக்கம் ஒரு ஆள் திரும்பவில்லை. எல்லாரும் அக்காவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா என்னிடம் வந்து அட்டையைத் தட்டினார். "உள்ள அழுவுறவ அழுவட்டும் தம்பி. வெளிய நான் நிக்கிறேன்ல?"

அண்ணனைத் தேடினேன். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே இங்க நிக்கிறீங்க?"

"நீ இன்னும் உள்ள கூப்புடலியே."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இந்தக் கட்டுரை எழுதவும் அவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். சொந்தப் பெயர் வரக் கூடாது. மலை வர வேண்டும். "அப்புறம் என்னைய நல்லவன், அப்பிடி இப்பிடின்னு எழுதாத. எவனும் நம்ப மாட்டான்லா."

அதனால் எழுதவில்லை.

என் இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் ஒரு பசு வர வேண்டும். அண்ணன் இப்போது குனோங் ராபாட்டில் ஒரு பால்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார்.