அட்டை மட்டும் போதும்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும், அதைத் திறந்தும் ஆக வேண்டும் என்றொரு மூடநம்பிக்கை வெகுகாலமாக இருந்துவந்தது. கல்வி அலுவலகம் அதை வேரோடு பிடுங்கி எறிந்த வரலாறு இது.

ஒரு பள்ளியின் ஆங்கில டீச்சர் பதினெட்டு வருஷமாக அந்த மூடநம்பிக்கையில் ஊறியவர். நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து, புயலில் மாட்டிய ஒரு படகின் கதையை வரிவரியாக வாசிக்கவைத்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்றாம் பக்கத்தில் படகில் ஓட்டை விழுந்து தண்ணீர் முழங்கால்வரை ஏறியிருந்த நேரத்தில் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. இனி ‘முன்கணிப்பு வாசிப்பு’. அட்டையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று பிள்ளைகள் கணிக்க வேண்டும். பத்தே நிமிஷம்தான் என்றார்கள். அடுத்த மாதம் இருபது, அதற்கடுத்த மாதம் பாடவேளை முழுவதும்.

பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். வெளிநாட்டில் பன்னிரண்டு நாள் பயிற்சி எடுத்து, ஞானமும் புது சூட்கேசுமாகத் திரும்பியவர்.

“இந்தப் படகு என்ன ஆகும்?”

“கரை சேந்துடும் சார்.”

“முழுகிடும் சார்.”

“ரெண்டுமே அருமை.”

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். “ரெண்டுல எது சார் சரி? திறந்து பாத்துடலாமா?”

அதிகாரியின் முகம் கறுத்தது. “பாத்தீங்களா டீச்சர்? திறந்தா ஒரு குழந்தையோட கணிப்பு தப்பாயிடும். பிஞ்சு மனசு தாங்குமா?”

பிஞ்சு மனசுகளின் நலன் கருதி, புத்தகங்களின் உட்பக்கங்கள் கழற்றப்பட்டு ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டப்பட்டன. அட்டைகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டுத் தந்தார்கள். எழுதுவதற்கும் அதே நீதி. கட்டுரையின் தலைப்பையும் தன் பெயரையும் பிள்ளை எழுதினால் போதும், மிச்சத்தை டீச்சர் கணித்து மதிப்பெண் போடுவார். தேர்ச்சி நூறு சதவீதம். பெற்றோர் குளிர்ந்துபோனார்கள். கையெழுத்துகூட முன்னைவிட அழகாகிவிட்டதாம். ஆகாதா பின்னே, எழுதுவதே இரண்டு வரி.

“மிஸ், படகு என்னாச்சு?” என்று கேள்விக்குறி தினமும் கேட்டாள். டீச்சர் தினமும் கரும்பலகையைத் துடைத்தார்.

ஒருநாள் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி தண்ணீர்த்தொட்டிக் குழாயில் வாயை வைக்கப் போனாள். மேலே ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது.

“அதுல என்னடி எழுதியிருக்கு?” என்று அந்தப் பக்கம் வந்த டீச்சர் கேட்டார்.

அவள் அட்டையின் நிறத்தையும் ஓரத்துப் பூவையும் ஆராய்ந்தாள். “வாழ்த்துகள்னு போட்டிருக்கும் மிஸ்.”

குடிக்காதீர்கள், மருந்து கலந்திருக்கிறது என்று போட்டிருந்தது.

டீச்சர் அவளைக் குழாயிலிருந்து இழுத்துவிட்டார். அன்றே நான்கு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார்: பிள்ளைகளுக்கு எழுத்து மறந்துகொண்டிருக்கிறது, புத்தகத்தின் உள்பக்கங்களைத் திருப்பிக் கொடுங்கள். மறுநாள் பள்ளிவாசலில் நின்று கையெழுத்துக்காகப் பெற்றோரிடம் நீட்டினார்.

“எங்க மிஸ் போடணும்?” ஸ்கூட்டரை அணைக்காமலே ஒரு அம்மா கேட்டாள்.

“படிச்சுட்டுப் போடுங்கம்மா.”

“நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். பேனா இருக்கா?”

நாற்பது கையெழுத்தும் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பொறுப்பான பெற்றோர் என்று டீச்சருக்கு மனம் நெகிழ்ந்தது.

கல்வி அலுவலகத்தில் அதிகாரி மனு வைத்து ஒட்டிய உறையைக் கையில் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். கனத்தை எடைபோட்டார். கிழிக்கவில்லை. “பெற்றோர் கையெழுத்தெல்லாம் இருக்கா?”

“நாப்பதும் இருக்கு சார்.”

“அப்ப புரிஞ்சுபோச்சு. மனப்பூர்வமா ஏத்துக்கறோம் டீச்சர். உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்தத் துறை எங்கயோ போயிடும்.”

இவ்வளவு சுலபமா என்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணியில் வெளியே குமாஸ்தா ஒரு உத்தரவுத் தாளை நீட்டி, “இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு” என்றார். டீச்சர் இங்கே ஒன்று, கீழே ஒன்று போட்டு, நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்.

“பிள்ளைங்களா, நாளைலேர்ந்து புத்தகத்தைத் திறக்கப் போறோம்,” என்று அறிவித்து, அந்த உத்தரவைக் கேள்விக்குறியிடமே கொடுத்தார். “நீயே படி. சத்தமா.”

அவள் எழுந்து நின்று, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டி, திக்கித் திக்கி ஆங்கிலத்தில் வாசித்தாள். முன்கணிப்பு வாசிப்பைப் பாராட்டி நாற்பது பெற்றோர் அளித்த நன்றிக் கடிதம் பெறப்பட்டது. இனித் தேவைப்படாத உட்பக்கங்கள் அனைத்தும் பழைய காகிதக் கடைக்கு அனுப்பப்படும். இம்முறையை மற்ற பள்ளிகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பு இந்த டீச்சரிடமே ஒப்படைக்கப்படுகிறது.

டீச்சர் தாளை வாங்கக் கையை நீட்டினார்.

“இன்னும் இருக்கு மிஸ்,” என்றாள் அவள். “மேற்கண்ட யாவற்றையும் முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்னு போட்டு, கீழ உங்க கையெழுத்து.”

ஒரு வார்த்தை விடாமல் வாசித்திருந்தாள். சுற்றறிக்கை வந்த பிறகு அந்த வகுப்பில் முழுதாக வாசிக்கப்பட்ட ஒரே ஆங்கிலப் பக்கம் அதுதான்.