குகையண்ணையின் கலண்டர்

பிந்தி வந்து கெட்ட பெயர் எடுத்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். முந்திப் போய்க் கெட்ட பெயர் எடுத்த ஒரே தமிழர் எங்கள் குகையண்ணைதான்.

எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில், பார்க்டேல் பக்கம் ஒரு வீட்டில் ஐந்து பேர் ஒன்றாக இருந்தோம். அண்ணைக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் போட்டோக்கொப்பி எடுக்கிற வேலை. சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கண்டெடுத்த பழைய யூதச் சுருள்களைப் பற்றி அங்கே ஒரு பேராசிரியர் படிப்பித்தார். அவர் கொடுத்த தாள்களை அண்ணை ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் மெசினில் வைப்பார். அதிலும் பைபிளில் சேர்க்காமல் விட்ட புத்தகங்கள் என்றால் அவருக்கு உயிர். குகையண்ணை என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான்.

"தம்பி, வானத்திலை இருந்த தேவதூதர் கீழை இறங்கி வந்து பொம்பிளையளைக் கட்டினவை. பிறந்ததெல்லாம் இராட்சதர். அந்தமாதிரிப் புத்தகத்தை ஆரும் வெளியிலை விடுவினமோ?" என்று சோற்றைப் பிசைந்தபடி நியாயம் கேட்பார். பருப்புக்கறி ஆறிவிடும் என்ற பயத்தில் நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம்.

வினை கலண்டரில் வந்தது. அந்தப் புத்தகங்களின்படி வருடத்துக்கு முந்நூற்று அறுபத்து நான்கு நாள்தானாம். சரியாக ஐம்பத்திரண்டு வாரம். எந்தத் தேதியும் எல்லா வருடமும் ஒரே கிழமையில் வரும். எங்கள் வீட்டிலோ ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கங்கள் இரண்டு, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. வருடம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று சமையலறையில் அடிபாடு.

"உங்கடை ரெண்டும் சண்டை பிடிக்கட்டும். என்ரை கலண்டரிலை ஒரு குழப்பமுமில்லை" என்று சொல்லி, டிசம்பர் முப்பத்தொன்றைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். அடுத்த வருடமும் வெட்டினார். அதன் பிறகு அண்ணை உலகத்தைவிட இரண்டு நாள் முன்னுக்கு நடந்தார். எங்களுக்குப் பத்தாம் தேதி என்றால் அவருக்குப் பன்னிரண்டு. என் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னமே கேக்கோடு வந்து நின்றார். நாங்களும் சிரித்துக்கொண்டே வெட்டிச் சாப்பிட்டோம்.

அந்தப் பெப்ரவரியில் என் சிரிப்பு நின்றது. எனக்குக் கல்யாணம் பேசின பெண் யாழ்ப்பாணத்திலிருந்து பதினாலாம் தேதி வருகிறாள். முதல் விமானப் பயணம், இங்கே ஒருவரையும் தெரியாது. ஃபாக்டரி ஃபோர்மன் எனக்கு லீவு தரவில்லை. வீட்டில் கார் வைத்திருந்தவர் அண்ணை மட்டும்.

"பதினாலு எண்டா பதினாலுதான். நீ யோசியாதை" என்று அவளுடைய படத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எந்தப் பதினாலு என்று கேட்காத மடையன் நான்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவரையும் காணவில்லை, காரையும் காணவில்லை. மறுநாளும் வரவில்லை. பதினாலு காலை வேலைக்கு வெளிக்கிடும்போது அவருடைய சுவர்க் கலண்டர் கண்ணில் பட்டது. பதின்மூன்று வரைக்கும் நாள்களைக் கோடு போட்டு வெட்டியிருந்தார். பதினாலில் சிவப்பு மையால் "பிள்ளை வாறா" என்று எழுதியிருந்தார். அவருடைய பதினாலு எங்களுடைய பன்னிரண்டு! மனிதர் இரண்டு நாள் முன்னமே போய், ஆளைக் காணாமல் எங்கே போய்ச் சேர்ந்தாரோ! அவள் தனியாக வந்து நின்று அழப்போகிறாள்.

ஃபோர்மன் கிடக்கட்டும் என்று விமான நிலையத்துக்குப் பஸ் மாறி மாறி ஓடினேன். போய்ச் சேரும்போது பிளேன் இறங்கி ஒரு மணித்தியாலம்.

அவள் ஒரு கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தோளில் அண்ணையின் ஓவர்கோட். பக்கத்தில் அண்ணை, இரண்டு நாள் தாடியோடு, இராட்சதர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ரெண்டு நாளா இஞ்சையே நிண்டனீங்கள்?"

"பின்னை? நான் வீட்டை போன நேரம் பிள்ளை வந்து இறங்கினா ஆர் பாக்கிறது?"

"உங்கடை கலண்டர் பிழை எண்டு இப்பவாவது விளங்குதோ?"

"கலண்டர் சரி. பிளேன்தான் ரெண்டு நாள் லேற்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கனடாவில் அவளை முதலில் சிரிக்க வைத்தவன் நானில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல்.

அண்ணை போய்ப் பல வருடமாகிவிட்டது. "அவர் அங்கையும் முந்திப் போயிருக்கிறார். ஓவர்கோட்டோடை வாசலிலை நிப்பார். நாங்கள்தான் லேற்" என்று என் மனைவி சொல்லுவாள். அதைக் கேட்ட பிறகு எனக்கும் அங்கே போய் இறங்கப் பயமில்லை.