என் மானம் வகுப்பேறிய கதை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டி இன்றளவும் உயிரோடிருக்கும் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும் அவ்வாறே என நம்புகிறேன். முதலில் சந்தோஷ சமாச்சாரம்: நம் பாப்பாவை உங்கள் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை! இந்த வெளிநாட்டுப் பள்ளியில் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை, சாப்பாடுகூடத் தனியாகத்தான், இனி உங்களிடமே இருந்து படிக்கட்டும் என்று அழாத குறையாக எழுதியிருந்தேனே, அதைக் கிழித்துப் போடுங்கள்.

வகுப்பில் ஏகப்பட்ட நாட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மொழியில் ஒரு வீடியோ எடுத்துப் பள்ளிச் செயலியில் ஏற்ற வேண்டும், பேசுவதைப் பார்க்கிறவர் மொழிக்கு மாற்றி, செயலியே படத்தின் அடியில் எழுத்தாக ஓட்டிவிடும் என்றார் டீச்சர். விடுவேனா? கோட்டு மாட்டிக்கொண்டு, வெளிச்சம் நன்றாக விழும் சமையலறையில் நின்று, "எங்கள் மொழியின் தொன்மை யாதெனில்" என்று தொடங்கினேன். பின்னாலிருந்து உங்கள் தங்கை: "தொன்மை கிடக்கட்டும்! பால் பொங்கி வழியுதே, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? அடுப்பை அணைக்கத் துப்பில்ல, உலகத்துக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு!" அடுப்பையும் கோட்டையும் துடைத்துவிட்டு, கம்பீரமாக இன்னொன்று எடுத்தேன். ஏற்றுகிற வேலையை மட்டும் அவளிடம் விட்டேன். மகராசி, அவசரத்தில் முதல் வீடியோவை ஏற்றிவிட்டாள்! வகுப்பின் பெரிய திரையில், அத்தனை மொழியிலும் என் வண்டவாளம். மானம் கப்பலேறி ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கிவிட்டது, மச்சான்.

ஆனால் கேளுங்கள்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருத்தி எழுந்து, எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் என்று தன் அம்மாவைப் போல் அவள் பாஷையில் திட்டிக் காட்ட, இன்னொருவன் அவன் பாஷையில் தொடர, எல்லோரும் பாப்பா பக்கம் திரும்ப, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழு வசவையும் மூச்சுவிடாமல் பேசிக் காட்டினாளாம். மூணு மாசமா ஊமை மாதிரி இருந்த புள்ள மச்சான்! இன்று சாயங்காலம் அவள் வகுப்புப் பெண் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்து சோபாவை நிறைத்துக்கொண்டு ஒரே சிரிப்பு. "அப்பா, நாளைக்கும் கொஞ்சம் திட்டு வாங்குங்கப்பா" என்று கெஞ்சுகிறாள். வாங்கிட்டாப் போச்சு, எனக்கென்ன புதுசா?

அங்குள்ள பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். கை தவறிய உங்கள் தங்கையை நான் பெருந்தன்மையுடன் மன்னித்துவிட்டேன் என்பதையும் அறியவும்.

இப்படிக்கு,
திட்டு வாங்கியும் தலை நிமிர்ந்த மாப்பிள்ளை

பி.கு.: உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "கை தவறிச்சா? ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டுத்தான் ஏத்தினேன். உங்க தொன்மையைக் கேட்டுட்டு எந்தப் புள்ள பாப்பாகிட்ட பேச வரும்? எனக்கு என் பொண்ணு சிரிக்கணும். உங்க மானத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறாள்.