சம்பந்தியின் மஞ்சள் போத்தல்

செபமாலை முடிந்து அரை மணித்தியாலம் ஆகியும் ஒருவரும் எழும்புகிற மாதிரித் தெரியவில்லை. ஒக்டோபர் மாதம் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். அன்று வோபர்ன் பகுதியில் வின்சன்ற் வீட்டு முறை. பதினாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணி கரைக்கிற வேலையை மனைவி செலீன் வின்சன்றிடம் விட்டிருந்தாள். மனுஷன் பெரிய சட்டியில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, எல்லாருக்கும் இரண்டு தரம் வார்த்துக் கொடுத்துவிட்டார்.

வெறும் சட்டியைப் பார்த்த செலீன் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"எந்தப் போத்தலை எடுத்தனீங்கள்?"

"பிரிட்ஜ் கதவில நிண்ட மஞ்சள் போத்தல். நீர் காய்ச்சி வச்ச எலுமிச்சைச் சாறுதானே?"

"அது மரியோ தந்தது," என்று சொல்லிவிட்டுச் செலீன் கதிரையில் இருந்துவிட்டாள்.

அந்த வீட்டில் எந்தச் சாமான்தான் அதனதன் பாத்திரத்தில் இருக்கிறது? ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் நண்டுக்கறி. ஜாம் போத்தலுக்குள் ஊறுகாய். லேபல் இல்லாத போத்தலை வின்சன்ற் சந்தேகப்படவில்லை என்றால் அதில் அவர் பிழை என்ன? மரியோ அதைக் கொண்டுவந்த அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். இத்தாலிப் போத்தல் என்றால் பொன் எழுத்தும் பட்டு நாடாவுமாக இருக்கும் என்று அவராகவே முடிவுகட்டியிருந்தார்.

மரியோ அவர்களுடைய மகள் ஷாமிலாவின் வருங்கால மாமனார். எலுமிச்சைத் தோலைக் கிழமைக்கணக்கில் மதுவில் ஊறப்போட்டுத் தன் கையாலேயே லிமொன்செல்லோ என்ற இத்தாலி மதுவைச் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வருவார். அந்தப் போத்தலில் இருந்து இரண்டு தகப்பன்மாரும் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் குடித்த பிறகுதான் கலியாணத்துக்கு நாள் வைப்பார்கள். அது அவர்கள் குடும்ப வழக்கம், மரியோ அதில் வலு கண்டிப்பு. இப்போது வியாழக்கிழமை இரவு ஏழரை, போத்தலோ வெறும் போத்தல்.

அதைவிட அவசரமான பயம் ஒன்று வின்சன்றுக்கு வந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் கார் ஓட்டப்போகிறவர்கள். அவர் ஹோலுக்கு ஓடிப்போய், செபக்குழுத் தலைவர் நீக்கிலாப்பிள்ளையின் காதில் உண்மையைச் சொன்னார்.

"அண்ணை, காரை எடுக்காதேங்கோ. நீங்கள் குடிச்சது சாராயம்."

அதுவரை நிமிர்ந்து நின்ற நீக்கிலாப்பிள்ளைக்கு, கேட்ட கையோடு கால் தடுமாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். காதுக்குக் காது விஷயம் போகப் போக, சனம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. இருமல் மருந்துக்கே முகம் சுளிக்கிற புனிதவதி அன்ரி, மாதா சொரூபத்துக்கு முன்னால் சிரிக்கத் தொடங்கி, நிற்பாட்டத் தெரியாமல் தவித்தார். பெருநாள் கமிட்டிச் சண்டையில் இரண்டு வருஷமாக, அதே குழுவில் இருந்த கிளிபோட்டுடன் முகம் கொடுத்துக் கதைக்காத நீக்கிலாப்பிள்ளை, அவரைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதார். எல்லாரையும் வீடு சேர்க்க நாலு டாக்ஸி பிடிக்கவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வின்சன்ற் மதுக்கடையில் ஒரு லிமொன்செல்லோ வாங்கிவந்து போத்தலுக்குள் ஊற்றினார். பார்த்தால் பள்ளிக்கூட பஸ்ஸின் நிறம். மரியோவுடையது நல்ல வெளிர் மஞ்சள் என்று செலீன் சொன்னாள். சரி என்று தண்ணீர் கலந்தார். நிறம் இறங்கியது, கூடவே காரமும் இறங்கிவிட்டது.

இந்த நேரம் பார்த்து, தலையிடிக்கு நெற்றியில் களிம்பு பூசிக்கொண்டு நீக்கிலாப்பிள்ளை வந்தார். நடந்ததில் தனக்கும் பங்குண்டு என்று ஊரிலிருந்து வந்த தென்னஞ்சாராயம் அரைப்போத்தல் கொண்டுவந்திருந்தார். ஊற்றினார்கள். காரம் வந்தது, ஆனால் நிறம் பால் விடாத பிளேன்ரீ ஆகிவிட்டது.

"கொஞ்சம் மஞ்சள் போட்டால் என்ன?" என்றாள் செலீன்.

போட்டார்கள். மஞ்சள் திரும்பி வந்தது, கூடவே ரசம் கொதிக்கிற வாசமும் வந்தது. அந்த வாசத்தை அமத்துவதற்குப் பன்னிரண்டு எலுமிச்சையின் தோலைச் சீவிப் போட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் வின்சன்றின் கலியாண வேட்டியில் வடித்தார்கள். ஷாமிலா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அவர் கண்டுபிடிச்சால் என்ரை கலியாணம் அவ்வளவுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிள்ளை வாய் திறந்து ஏசியிருந்தால்கூட வின்சன்ற் தாங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மரியோ வந்தார். கூட அவர் மனைவி வேரோனிக்கா. புரியாணி முடிந்து போத்தல் மேசைக்கு வந்தது. வின்சன்ற் சின்னக் கிளாஸ்களில் வார்த்தார். தான் ஒரு முடக்குக் குடித்தார். தொண்டையில் இருந்து அடிவயிறுவரை நெருப்பாக இறங்கியது. அழுகை வந்தது, சிரித்துக்கொண்டார்.

மரியோ குடித்தார். கண்ணை மூடினார். கிளாஸை வைத்துவிட்டு, போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஷாமிலா தாயின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மரியோ கிளாஸை மறுபடி நீட்டினார். இரண்டாவதையும் குடித்துவிட்டு, மேசையில் ஓங்கித் தட்டினார். மூன்று வருஷமாகத் தன் கைப்பக்குவம் போய்விட்டதென்று யாருக்கும் சொல்லாமல் கவலைப்பட்டாராம். என்ன செய்தாலும் பச்சைத்தண்ணி மாதிரி இருந்ததாம். இந்தமுறை தன் தகப்பன் செய்த மாதிரியே வந்திருக்கிறதாம். எழும்பி வந்து வின்சன்றின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை கலியாணம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

ஷாமிலா அழுதுகொண்டே தகப்பன் மேல் விழுந்தாள். வின்சன்றுக்கு உலகமே கைக்குள் வந்த மாதிரி இருந்தது. பதினாறு பேருக்கு வெறியேற்றினால் என்ன, வேட்டி போனால் என்ன, தான் வென்றுவிட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வெறும் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக் குசினிக்குக் கொண்டுபோனார்.

பின்னாலேயே வேரோனிக்கா வந்தார். கணவர் குடித்த கிளாஸை எடுத்து மணந்து பார்த்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டொக்டர் குடிக்கக்கூடாதென்று மறித்த நாளிலிருந்து மூன்று வருஷமாக, அவர் செய்வதை அவருக்குத் தெரியாமல் வெளியே ஊற்றிவிட்டு, நான் போத்தலில் நிரப்பி வைக்கிறது வெறும் எலுமிச்சைச் சாறும் சீனியும்தான். இதற்குள்ளே சாராயம் எங்கே இருந்து வந்தது?"