நான் பேயான சாயங்காலம்

பேய்ப் படங்களைப் பற்றிக் குறை நிறை சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் ராயபுரத்தில் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் பேயைத் திரையில் பார்த்தவர்கள். நான் பேயாகவே இருந்தவள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினாறு வயது. (எலும்பும் தோலுமாக, இடுப்புவரை முடியோடு இருப்பேன். பேய் வேலைக்கு வேண்டிய தகுதியெல்லாம் இருந்தது.) பக்கத்துக் கொட்டகையில் ஒரு படம் ஓடியது. ரோட்டோரம் ஒரு வெள்ளைச் சேலைக்காரி "கொஞ்சம் தூக்கி விடுங்க" என்று கூப்பிடுவாளாம். உதவப் போனவன் செத்தானாம். அது நிஜமா என்று பார்க்கக் காலேஜ் பசங்கள் கிளம்புவார்கள்.

பாதிப் படம்வரை பேயைக் காட்டவே மாட்டார்கள். யாரோ பார்த்ததாக யாரோ சொல்வார்கள், அவ்வளவுதான். அது பலம். பலவீனம் அந்தப் பசங்கள். ஒருத்தனுக்கும் அப்பா அம்மா கிடையாது. ஆபத்து என்றதும் ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். "இவ்வளவு முட்டாளாவா இருப்பானுங்க?" என்று என் அக்கா ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்தேன். இருப்பார்கள் என்று அடுத்த வாரமே தெரிந்தது.

அக்காவைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. வருகிறவர்களுக்குப் பூரி சுட, ரேஷன் கோதுமையைக் கொடுத்து அம்மா என்னைக் கல்மண்டபம் மாவு மில்லுக்கு அனுப்பினாள். டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கருவாட்டுக் கிடங்குச் சுவரோரம் கல் தடுக்கி விழுந்தேன். மூடி திறந்து பாதி மாவு என் மேல் கொட்டியது. முடி, முகம், தாவணி எல்லாம் வெள்ளை.

மீதி மாவோடு டின்னைத் தனியாகத் தூக்க முடியவில்லை. அதே படத்தின் மேட்னி விட்டு நாலைந்து பசங்கள் எதிரே வந்தார்கள். முன்னால் வந்தவன் எங்கள் தெரு சேவியர். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தூக்கி வுடுங்க" என்றேன்.

படத்தில் வந்த மாதிரியே ஓடினார்கள், ஆளுக்கொரு திசையில். சேவியர் சாக்கடையில் விழுந்து, முன்பல் உடைந்து, எழுந்தும் ஓடினான்.

வீட்டில் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாவு எங்கடி?" என்றாள். (அடிபட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கோதுமை சுலபமாகக் கிடைக்காத காலம்.)

விடிவதற்குள் பேய் பனைமர உயரத்துக்கு வளர்ந்திருந்தது. சேவியரின் பல்லைக் கையாலேயே பிடுங்கியதாம். சாயங்காலம் மாதா கோயில் உபதேசியார் பேயோட்டத் தீர்த்தச் செம்போடு கிடங்குச் சுவருக்கு வந்தார். தெருவே கூடியது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு. கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன்.

"அது பேய் இல்லீங்க. நான்தான்."

சேவியரின் அம்மா சொன்னாள்: "பாத்தியா, அதுவே வாயத் தொறந்து சொல்லுது. பொண்ணு மேல ஏறிக்கினு கீது."

"மாவு கொட்டிச்சுங்க…"

"பேரு இன்னான்னு கேளுங்க" என்றது கூட்டம்.

எனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரே என்னைப் பார்த்துக் கேட்டார்: "உன் பேரு இன்னா?"

"மேரி."

"மாதா பேரயே சொல்லுது. இன்னா துணிச்சல் பாரு" என்றாள் ஒருத்தி.

செம்பு முழுவதும் என் தலையில் கவிழ்ந்தது. முந்தின நாள் தட்டியும் போகாமல் முடியில் ஒட்டியிருந்த மாவு பசையானது. சேவியர் அங்கேதான் நின்றான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மாவைப் பார்த்து ஓடியவன் என்பதைவிடப் பேயைப் பார்த்தவன் என்பது கௌரவம் அல்லவா?

எண்ணூர்க்காரர்கள் வரவில்லை. தரகர் மட்டும் வந்தார். "பேய் புடிச்ச வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோன்றாங்க, நைனா. நான் இன்னா பண்றது?" என்றார் அப்பாவிடம். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதன்பின் வந்த வரனெல்லாம் தெருமுனை டீக்கடையில் பேய்க் கதையைக் கேட்டு அங்கிருந்தே திரும்பிப் போனது. பல வருஷம் கழித்துப் புழலில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டாள்.

அந்த மாதிரிப் படங்களில் எனக்குத் தெரிந்து பெரிய குறை இதுதான். பசங்கள் பிழைத்து வீடு போனதும் படம் முடிந்துவிடும். பேயின் வீட்டில் என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் காட்டியதில்லை.

சேவியர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். கட்டின பல்லைக் காட்டி இன்னும் கதை சொல்கிறான்.

இப்போதும் டிவியில் பேய் வந்தால் போதும், அக்கா மகன் குரல் கொடுப்பான்: "சித்தி, உங்க ஆளு வந்துட்டாங்க, வாங்க." எல்லோரும் சிரிப்போம், நானும்தான். அக்கா மட்டும் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்.