நூறு சென்டிமீட்டர்

கமலக்கண்ணன் சொன்ன இந்தக் கதையை நான் பல வருஷம் நம்பவில்லை. தன்னைத் தானே இவ்வளவு மட்டமாகக் காட்டிக்கொள்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

ஆந்திராவில், நகரியில் இருந்துகொண்டு தமிழ் எழுதிப் பிழைப்பவன் அவன். திருப்பதியில் ஒரு பதிப்பகம் வீட்டு மருத்துவக் கையேடு போட்டது. சர்க்கரை நோய் யாருக்கு வரக்கூடும் என்ற அத்தியாயம் இவன் தலையில் விழுந்தது. டாக்டர் வைஜயந்தி ஆங்கிலத்தில் குறிப்பு அனுப்புவார், இவன் தமிழாக்குவான்.

வயது நாற்பத்தைந்துக்கு மேல். அவனுக்கு அப்போது ஐம்பத்துநாலு. பெற்றோருக்குச் சர்க்கரை. அப்பா அதில்தான் போனார். உட்கார்ந்தே செய்யும் வேலை. அந்த வரியையே உட்கார்ந்துதான் எழுதினான். நாலாவது, ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல். சணலால் இடுப்பைச் சுற்றி, ஸ்கேலில் வைத்துப் பார்த்தான். தொண்ணூற்றெட்டு. அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவன் எழுதுவதை முதலில் படிப்பவள் மனைவி துர்காதேவி. இதைப் படித்தால் ரத்தப் பரிசோதனை; பரிசோதனை முடிந்தால் ஜாங்கிரிக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவள் ஜாக்கெட் தைப்பவள். இஞ்சிலேயே வாழ்பவள். சென்டிமீட்டர் அவளுக்கென்ன தெரியும்? 'நூறு' என்று எழுதினான். டாக்டரின் தாளை அரிசி டப்பாவில் புதைத்தான்.

துர்காதேவி படித்தாள்.

"நூறா?"

"நூறுதான்."

"அப்ப நீங்க தப்பிச்சீங்க."

"டாக்டருங்க கணக்கு. நான் இன்னா பண்றது?"

இரண்டு நாள் கழித்து, காலை ஏழரை. இட்லி இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓட்டும் முனியப்பன் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தான்.

"அண்ணா, நல்ல சேதி. எனுக்குத் தொண்ணூத்தேழுதான். நூறு வரைக்கும் பயமில்லன்னு நீ எழுதிக்கீறியாமே. இன்னிக்கு டெஸ்டுக்குப் போறதா இருந்தேன். வேணான்னு உட்டுட்டேன்."

"ஓயாம தாகம் எடுக்குதுன்னு சொன்னியேப்பா."

"அது வெயிலு. புக்கே சொல்லுது, அப்புறம் இன்னா?"

முனியப்பன் ஒரு ஜாங்கிரியை வாய்க்குக் கொண்டுபோனான். கமலக்கண்ணன் கணக்குப் போட்டான். இவன் ஒருவன். புத்தகம் இரண்டாயிரம் பிரதி. தன் ஒரு இடுப்புக்காக எத்தனை வாய்?

"துன்னாதடா. தொண்ணூறுதான். நான்தான் மாத்தி எழுதினேன்."

"ஏண்ணா?"

"என்னுது தொண்ணூத்தெட்டு."

முனியப்பன் ஜாங்கிரியைப் பொட்டலத்தில் பத்திரமாக வைத்தான். சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, ஒத்துக்கினாரு."

துர்காதேவி கைப்பையோடு வந்தாள். "ஆட்டோ வெளிய நிக்குது. ரெண்டு பேரும் வெறும் வயித்துலதான கீறீங்க? புத்தூர் லேபுல பேரு குடுத்தாச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அரிசி டப்பாவுல ஒளிச்சீங்களே, இந்த வீட்ல சோறு ஆக்கறது நீங்களா? வந்து திருத்தி எழுதுங்க. அப்புறம், உங்களுது தொண்ணூத்தெட்டு இல்ல. நூத்திரெண்டு. போன தீவாளிக்கு உங்க பேன்ட்டைப் பிரிச்சுத் தச்சது யாரு?"

"சென்டிமீட்டர்லயா?"

"அளவு நாடாவைத் திருப்பினா பின்னாடி இன்னா கீது?"

புத்தகத்தில் தொண்ணூறு என்றே அச்சானது. சர்க்கரை இரண்டு பேருக்குமே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கதையை இந்த இடம் வரை சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொள்வான். போன மாதம்தான் மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏன்டா, இருபத்தாறு வருஷம் ஒரு டெய்லரோட குடும்பம் நடத்தியும், அந்த நாடாவோட பின்பக்கத்தை நீ ஒரு வாட்டி கூடப் பார்க்கலையா?"